ஒன்பதாவது சரக்கு

என் கணவருக்கு வயிறு கெட்டது வளைகுடாவில். அதற்கு மருந்து அரைத்தது தஞ்சாவூருக்குப் பக்கத்தில், என் வீட்டு மிக்ஸியில். கம்பெனி கேம்ப்பில் போடும் சோறும் குழம்பும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்ட உடனே உப்புசம், அரை மணி நேரத்தில் ஓட்டம். வீடியோவில் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது.

அஷ்ட சூரணம் எனக்குக் கைவந்த வேலை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. கீழவாசல் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தேன், பெருங்காயத்தை நெய்யில் பொரித்தேன், அரைத்து இரண்டு முறை சலித்தேன். சுடுசோற்றில் முதல் கவளத்தை இந்தப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் கல்யாண விருந்து முடிந்த மறுநாளெல்லாம் இதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதிலும் ஒரு கை கூடப் போட்டால்தான் திருப்தி. அவர் தூக்கம் வரவில்லை என்றும் சொல்லியிருந்தார். கசகசா வயிற்றுப்போக்கையும் நிறுத்தும், தூக்கமும் கொடுக்கும் என்று நானே முடிவு செய்து, இரண்டு ஸ்பூன் வறுத்துச் சேர்த்து அரைத்துவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எல்லாம் என்னுடைய அதிகப்பிரசங்கித்தனம்.

எதிர்வீட்டுத் தம்பி என் கணவர் இருக்கும் ஊருக்கே வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். வெளி மாவட்டத்து மெஷின்கள் வந்து இறங்கிய பிறகு சம்பா அறுப்பிலேயே அவனுக்குப் பாதி நாள் வேலை இல்லை. என் கணவர்தான் தன் கம்பெனியில் டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தம்பி திருச்சிக்கு அப்பால் போனதில்லை. பொடியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், பெட்டியில் எடை கூடுகிறது என்று தன் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொட்டலத்தின் மேல் என் கணவர் பெயரையும் அங்குள்ள போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

பதினொன்றரைக்கு விமானம். விடியற்காலையிலேயே அவனும் அவன் மனைவியும் கார் பிடித்துத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். ஒன்பதரை மணிக்கு நான் மாடியில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் கூப்பிட்டார்.

"பொடியக் குடுத்து விட்டுட்டியா? என்னென்ன போட்டிருக்க?"

நான் பரீட்சையில் ஒப்பிப்பதுபோல எட்டையும் சொன்னேன். "ஒங்களுக்குத் தூக்கமும் வரட்டும்னு கொஞ்சம் கசகசாவும் போட்டிருக்கேங்க" என்றேன்.

அவர் கத்தினார்.

"அடிப்பாவி. இங்க அது போதைப்பொருள்டி. கசகசா வச்சிருந்தா ஜெயில். எங்க கேம்ப்புல ஒருத்தன் மசாலாப் பாக்கெட்டுல கொண்டாந்து மாட்டினான். இன்னும் வெளிய வரல."

குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா. பாயசத்துக்கு அரைத்து விடும் கசகசா. உடனே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அவன்கிட்ட மட்டும் சொல்லு. அவன் பொண்டாட்டிகிட்ட வாயத் தொறக்காத. அவ அங்கயே கத்திக் கூப்பாடு போட்டுருவா. பொட்டலத்துல எம்பேரு இருக்கு, தெரியும்ல?"

தம்பியின் போன் அணைந்திருந்தது. விமானத்துக்குள் போன் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாசலிலேயே அணைத்திருக்கிறான். நாலு முறை, ஐந்து முறை போட்டுப் பார்த்துவிட்டு அவன் மனைவிக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இப்பத்தான்க்கா உள்ள போனாங்க. கண்ணாடி வழியாத் தெரியுறாங்க. வரிசையில நிக்கிறாங்க. இங்க பாத்துக் கை காட்டுறாங்கக்கா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், இந்தப் பக்கம் இவள் நிற்கிறாள். 'கண்ணாடியத் தட்டு, பொட்டலத்த எடுத்துக் கடாசச் சொல்லு' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?"

இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. என் கணவர் பெயர் அந்தப் பொட்டலத்தில் இருந்தது. எனக்கு அதுதான் முன்னால் வந்து நின்றது.

அரை மணி கழித்துத் திரும்பப் போட்டேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன். அவன் உள்ளே போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டதாகவும், தான் காரில் ஏறிவிட்டதாகவும் சொன்னாள்.

வீட்டில் மீதியிருந்த கசகசாப் பாக்கெட்டைக் கிழித்துச் சாக்கடையில் கொட்டினேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? மாடியில் உளுந்தைக் கோழி கிளறியது, விரட்டத் தோன்றவில்லை. சாமி படத்தின் முன்னால் போய் நின்றேன். அவனைக் காப்பாற்று என்றுதான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில், ஒருவேளை பிடிபட்டால் பொட்டலம் தன்னுடையது என்று அவன் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் மனசு இப்படிப்பட்டது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு என் கணவர் மறுபடி கூப்பிட்டார். அவனிடம் பேச முடியவில்லை என்றேன்.

"அப்ப நான் ஏர்போர்ட்டுக்குப் போகல" என்றார்.

"அவனுக்கு அங்க ஒங்களைத் தவிர யாருங்க இருக்கா? பாஷையும் தெரியாது."

"மாட்டினா, வாசல்ல நிக்கிற என்னையும் சேத்துத்தான் அள்ளிட்டுப் போவான். ரெண்டு பேரும் உள்ள போகணுமா? நீ பண்ணின வேலைக்கு நான் சாகணுமா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரிடம் வரிந்து கட்டிக்கொண்டு நிற்பவள், அன்று "சரிங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் போனும் அணைந்துவிட்டது.

ஒரு மணிக்கு அவன் மனைவி நேராக என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் முதலில் உங்களுக்குத்தானே போன் செய்வார், சேதி தெரிந்துகொண்டு போகிறேன் என்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றதும் சோறு போட்டேன்.

"அந்தப் பொடி மிச்சம் இருந்தாப் போடுங்கக்கா. வயித்தக் கலக்கிக்கிட்டே இருக்கு."

பாட்டிலில் மீதி இருந்தது. போட்டு நெய் ஊற்றினேன். இங்கே அது வெறும் பொடிதான். அவள் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டாள்.

"ஏழு கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனசே இல்லக்கா. அண்ணன் இருக்காருங்கிற ஒரே தைரியந்தான்" என்றாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். நம் ஊர் நேரப்படி நாலு மணிக்கு விமானம் இறங்க வேண்டும். நாலரை ஆனது. அவள் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அது அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர், தெரியாத நம்பர். போலீஸ் என்றுதான் நினைத்தேன். எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவளே எட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, நாந்தான். வெளிய வந்துட்டேன்க்கா. யாரோ ஒரு மலையாளி போன் குடுத்தாரு. அண்ணனக் காணுமே? போனும் போகல. அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?"

அவன் மனைவி கையைக் கூப்பிக்கொண்டாள். அவன் மேலும் சொன்னான்.

"பொடி பத்திரமா இருக்குக்கா. பெட்டியில இருந்தாப் பிரிஞ்சு கொட்டிடும்னு அப்புறமா கைப்பைக்கு மாத்தி மடியிலயே கொண்டாந்தேன். இப்பவும் கையிலதான் இருக்கு."

அந்த விமான நிலைய வாசலில், போலீஸ்காரர்கள் நடமாடும் இடத்தில், என் கணவர் பெயர் எழுதிய பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான். இனியும் ஒளிக்க முடியவில்லை.

"தம்பி, அதப் பக்கத்துல இருக்கிற குப்பைத் தொட்டியில போட்டுரு. இப்பவே போடு. அதுல கசகசா இருக்கு. அந்த ஊர்ல அது பெரிய குத்தமாம்."

"ஐயோ! எப்பக்கா தெரிஞ்சுது?" என்றாள் அவன் மனைவி.

"காலையில. நீ கண்ணாடிக்கு வெளிய நின்னப்ப."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. எழுந்து, சாப்பிட்ட இடத்தில் அப்படியே நின்றாள். போட்டுவிட்டேன் என்று அவன் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

"போட்டுட்டேன்க்கா" என்றான். பிறகு, "அப்ப அண்ணன் வரமாட்டாரா?" என்று கேட்டான்.