மாலை அளவுக்கு வந்த அம்மை

கல்யாணத்துக்கு ஒன்பதே நாள். மாப்பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் ஒரு வீடு எப்படி இருக்கும்? போன வாரம் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது!

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் மச்சினன் குமார். இங்கே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் கப்புக்கு கிளேஸ் என்கிற பளபளப்பு மேல்பூச்சு போடுகிறவன். பொண்ணு செல்வி, திட்டக்குடியில் டெய்லர். பொண்ணு பார்த்த நாளிலிருந்து இவன் மணிக்கொரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தான். தலைகால் புரியாத சந்தோஷம்!

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டார் தொடை தண்டிக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் — கழுத்தெல்லாம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான் உண்டு. முழங்கை மடிப்பில் அரிக்கும், வெடிக்கும், அடங்கும். இது வேறு மாதிரி. என் மாமியார் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அம்மா வந்துருக்கா. யாரும் வூட்டுக்குள்ள வராதீங்க!"

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது. டாக்டரிடம் போகலாமே என்று வாயைத் திறந்தேன்.

"தெய்வக்குத்தம் ஆயிடும். சும்மா இருங்க மாப்ள."

சும்மா இருந்தேன். மாமியாரை எதிர்த்து ஜெயித்த மருமகன் யார்?

குமாரை வேப்பிலை மேல் படுக்க வைத்தார்கள். "எரியுது மாமா..." என்று பாவம், புரண்டான். அதைவிடப் பெரிய கவலை அவனுக்கு வேறு. அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றும்வரை நல்ல காரியம் கூடாது. தள்ளினால் ஆடி பிறந்துவிடும்.

"ஆவணிக்குள்ள அவங்க மனசு மாறிட்டா என்ன மாமா பண்றது?" என்றான், கண் கலங்க.

வியாழக்கிழமை பொண்ணின் அப்பா வந்தார், தேதியைத் தள்ளிப்போட. பின்னாலேயே — செல்வி! தாலி ஏறும் முன்பே பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வரலாமா? அதுவும் அம்மை போட்ட வீட்டுக்கு? மாமியாருக்கு மயக்கம் வராத குறை.

செல்வி யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போனாள். குமாரின் கழுத்தைப் பார்த்தாள். நெஞ்சைப் பார்த்தாள். "திரும்புங்க" என்றாள். முதுகையும் பார்த்தாள்.

"ஏன் அத்தை, அம்மா வந்தா ஒடம்பு பூரா வருவாங்க. இப்புடி கழுத்து அளவெடுத்து, வி-நெக் வெட்டுனாப்புலயா வருவாங்க? இது எங்க வூட்டு மாலைங்க!"

மாமியார் குனிந்து அவன் கழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் நான் சிரித்தேன் பாருங்கள்... அவள் அப்பா சிரித்தார். கடைசியில் மாமியாரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போய்ப் பார்த்த தோல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பார்த்தீனியம் செடி புடுங்குவீங்களா?"

"யூனிட்டச் சுத்தி வாரா வாரம் நாந்தான் சார். வெறுங்கையில."

சாமந்தியும் அந்தச் செடியும் ஒரே குடும்பமாம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் வம்புக்கு வருமாம். கரப்பான் தோல் வேறு, கிளேஸ் போடாத கப்பு மாதிரி... எதையும் உள்ளே விட்டுவிடும். இது குமார் எனக்குச் சொன்ன விளக்கம். களிம்பு தடவிய இரண்டாம் நாளே விசிலடிக்க ஆரம்பித்துவிட்டான்!

முந்தாநாள், குறித்த தேதியிலேயே கல்யாணம். சம்பங்கியும் ரோஜாவும் மட்டும்தான் என்று பூக்காரரிடம் நூறு தடவை சொல்லியிருந்தோம். மாலை மாற்றும் நேரம், செல்வி சட்டென்று நின்றாள். ஐயர் பார்க்கிறார், மேளக்காரர் பார்க்கிறார், மண்டபமே பார்க்கிறது. அவளோ மாலையை அங்குலம் அங்குலமாகத் தடவி, அடியில் ஒளிந்திருந்த ஒற்றைச் சாமந்தியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, குமார் பக்கம் திரும்பினாள்.

"ம்... இப்ப குனிங்க."

பத்துப் பொருத்தம் ஜோசியர் பார்த்தார் — பதினோராவதை அவளே பார்த்துக்கொண்டாள்!