என் செம்பருத்தியும் அவருடைய எறும்புகளும்

ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் என் தங்கை, தன் வீட்டு அடுக்குச் செம்பருத்தியில் ஒரு கம்பை ஒடித்துத் தரும்போதே, "ஒனக்குச் செடி வைக்கக் கைராசி கெடையாதுக்கா. சரி, வச்சிப் பாரு" என்று சொல்லித்தான் தந்தாள். அவள் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

டவுணில் எங்கள் வீட்டுச் சுவரோரம் அது ஆளுயரம் வளர்ந்து பூத்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று தங்கை போன் செய்தாள். அதற்குள் மாவுப்பூச்சி வந்துவிட்டது. தளிரெல்லாம் வெள்ளை அப்பி, மொட்டுகள் உதிர்ந்தன. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்தேன். இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து அடித்தேன்; வீடே தும்மியது. மூதேவிகள், இரண்டு நாள் மறைந்துவிட்டு மாமியார் வீட்டுக்கு வருவதுபோல் திரும்பி வந்தன.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமை எறும்புக்குத் தீனி போட்டால் பாதிப்பு குறையும் என்று ஜோசியர் சொன்னதிலிருந்து, பச்சரிசி மாவும் சர்க்கரையும் கலந்த டப்பாவோடு விடிந்ததும் வெளியே போவார். எங்கே போடுகிறார் என்று நான் கேட்டதில்லை. அடுக்களையில் போடாதவரை சரி.

வெள்ளிக்கிழமை தங்கை வரும்போது இருட்டிவிட்டது, தப்பித்தேன். சனிக்கிழமை காலையில் காப்பித் தம்ளரோடு நேரே செடியிடம் போனாள். பின்னாலேயே ஓடினேன். அங்கே இவர், செடியின் தூரில் மாவைத் தூவிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எறும்புகள் சாரை சாரையாக வந்து தின்றன. அப்படியே தண்டில் ஏறி, மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீரையும் குடித்தன. பூச்சியைத் தின்ன வந்த ஒரு பொறிவண்டை எல்லாம் சேர்ந்து விரட்டியடித்தன. நான் தும்மித் தும்மி மருந்தடிக்க, இந்த மனுஷன் வாராவாரம் எதிராளிப் பட்டாளத்துக்குச் சோறு போட்டிருக்கிறார்! மிச்ச மருந்தை அவர் தலையிலேயே ஊற்றலாம் போல ஆத்திரம் வந்தது.

தங்கை பைய ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"சனி ஒங்கள விட்டு எறங்கிட்டு அத்தான். இப்ப செடியிலல்லா ஏறியிருக்கு" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கைராசிப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவள் போனதும் செடியைப் பாதிக்கு வெட்டினேன். இவருக்குத் தோட்டத்துப் பக்கமே தடை போட்டேன். புதுத் தளிர் வந்தது.

அடுத்த மாதம் ஆழ்வார்குறிச்சிக்குப் போய்த் தங்கினோம். மறுநாள் சனிக்கிழமை. தங்கை அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இவர் டப்பாவோடு அவளுடைய செம்பருத்தி பக்கம் நின்றுகொண்டு, திருட்டு முழியோடு என்னைப் பார்த்தார்.

"இங்கன போடலாமா?"

"தாராளமாப் போடுங்க" என்றேன். "தூர்லயே போடுங்க."