ஆவுடைநாயகம் நம்பாத எண்கள்

நாலாயிரத்துத் தொண்ணூறாவது அடியில் ஆவுடைநாயகம் நின்றார். மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில், ஒவ்வொரு அடியாக வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டு வந்தவர், செல்போனை எடுத்து அதிலுள்ள அடிக்கணக்கைப் பார்த்தார். அது நாலாயிரத்து அறுநூறு என்றது.

“மிச்சம் ஐநூறை எவன்வே நடந்தான்?” என்று கூட நடந்துவந்த என்னிடம் கேட்டார்.

தென்காசிச் சந்தைக் கடைகளின் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். இயந்திரம் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று தெரிந்தவர். வயது ஐம்பத்தாறு, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வீட்டிலுள்ள கருவியில் இடது கைவிரலில் ஒரு முறை, வலது கைவிரலில் ஒரு முறை குத்திப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் இன்னும் கூடும்.

போன சாரல் காலத்தில் டாக்டர் உமா மகேஸ்வரி தினமும் நடக்கச் சொன்னார். இவர் அதை நம்பவில்லை. பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடும் முப்பிடாதியை நம்பினார். “அரைமணி நேரம் அருவிக்கடியில நில்லுங்க அண்ணாச்சி. ஒடம்பு பூராவும் அடிச்சுப் பெசஞ்சிரும். நாலு மைல் நடந்ததுக்குச் சமம்.” இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் போய் நின்றார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது சதவீதத்தைத் தொட்டது.

“நான் சும்மால்லா நின்னேன். எக்சர்சைஸ் பண்ணுனது அருவிதான்” என்று இப்போது அவரே சொல்கிறார், சிரிக்காமல்.

அடுத்த சோதனையில் எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவுடைநாயகத்தின் அண்ணனுக்கு ஊசி தொடங்கிய எட்டாம் மாதம் காலை எடுத்தார்கள். காலில் புண் ஊசிக்கு முன்பே இருந்தது. அதைச் சொன்னால், “ஒம்மகிட்டயும் அப்படித்தான் சொன்னாகளா?” என்பார். ஆக, அவரை நடக்கவைப்பது ஆரோக்கியத்தின் மேலுள்ள ஆசை அல்ல, ஊசியின் மேலுள்ள பயம். பயத்தில் செய்வதைப் பாராட்ட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கால்கள் காரணம் கேட்பதில்லை. கார்த்திகை மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடம், செங்கோட்டையில் ஒன்று என ஒரே நாளில் இரண்டு இடத்தில் இரத்தம் கொடுத்தார். ஒரு சீட்டில் 7.8. மற்றதில் 8.1.

“கொறஞ்சதக் கொண்டு போங்க. மத்ததக் கிழிச்சுப் போடுங்க” என்றார் மனைவி இராமலட்சுமி.

“எது பொய்யின்னு தெரியாம எதக் கிழிக்க?”

“ரெண்டுமே ஒம்போதுலேருந்து எறங்கித்தான இருக்கு? அது கண்ணுல படாதோ?”

அவர் இரண்டு சீட்டையும் கையிலெடுத்தார். 7.8 சட்டைப்பைக்குள் போனது. 8.1 மடிக்கப்பட்டு மணிபர்சுக்குள் போனது.

டாக்டரின் அறைக்கு நானும் கூடப் போனேன். “ரிசல்ட் கொண்டாந்தீங்களா?” என்று டாக்டர் கையை நீட்டினார். ஆவுடைநாயகத்தின் கை சட்டைப்பையைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மணிபர்சையும் எடுத்தார். இரண்டு சீட்டுகளையும் பிரித்து, மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் அவற்றைப் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்து, டாக்டரின் கண்கள் முதலில் எந்தச் சீட்டுக்குப் போகின்றன என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.