கரண்டு இல்லாத மோட்டார்

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் கத்திரி போட்டுப் பிழைத்தவள் ஒச்சாயி. புருஷன் செத்த பிறகும், இரண்டு மாடுகளைக் கட்டிக் கிணற்றில் கமலை இறைத்துத் தோட்டத்தைப் பச்சையாகவே வைத்திருந்தாள். எண்பத்தொன்றாம் வருஷம், மின்மோட்டாருக்குப் பாதி விலை மானியம் என்று ஒரு அதிகாரி வந்து சொன்னார். கமலையைப் பிரித்தால்தான் மானியம் என்பது விதி. பிரித்தாள். மீதி விலைக்கு மாடுகளை விற்றாள்.

மோட்டார் வந்தது, கரண்டு வரவில்லை. மின்சார ஆபீசில் அவளுக்கு முன்னால் நானூறு பேர் பதிந்திருந்தார்கள். வாளியைக் கயிற்றில் இறக்கி இறைத்து ஊற்றியதில் உள்ளங்கை காய்த்துப்போனதுதான் மிச்சம். பாதிச் செடி கருகிவிட்டது.

"சார், இத நீங்களே எடுத்துக்கிருங்க. நான் பழையபடி கமலையே போட்டுக்கிறேன்" என்று அதிகாரியிடம் கெஞ்சினாள்.

"திருப்பி வாங்குறதுக்கு எங்ககிட்ட ஃபாரமே கெடையாதும்மா. வித்தாலும் கேஸாயிரும்."

மறு வருஷம் மழை பொய்த்தது. வறட்சி நிவாரணத்துக்கு வரிசையில் நின்றாள். குமாஸ்தா பட்டியலைப் புரட்டிவிட்டு, "மோட்டார் வச்சிருக்கவுகளுக்குக் கெடையாது" என்றார்.

"கரண்டே இல்லையேண்ணே, அத வச்சு நான் என்ன செய்ய?"

"அது வேற ஆபீசு."

அடுத்த மாதம் கப்பலூரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை மோட்டாரைப் பார்வையிட அதிகாரி வருவார். அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு, தரிசாய்க் கிடக்கும் தோட்டத்தில் அதன் பக்கத்தில் போய் நிற்பாள்.