மூன்று கணினிகளும் ஒரு பென்னும்

நான் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் வேலை. பேச்செல்லாம் விசைப்பலகையில்தான். மாலையில் பேக்கரிக்குப் போய் "பாண் ஒண்ணு" என்று கேட்கும்போதுதான் சில நாட்களில் என் குரலே எனக்குக் கேட்கும்.

எனக்கென்று போன் எடுத்த ஒரே ஆள், பன்வில தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அங்கே யாரோ கொடுத்த மூன்று பழைய கணினிகள்; மூன்றிலும் மூன்று விதமான லினக்ஸ் இயங்குதளம். பிள்ளைகள் பென் டிரைவைச் செருகினால் பாடங்கள் தானாக அதில் ஏறும்படி ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பென்னைக் கண்டதும் திரையில் 'வாங்க' என்று காட்டும். ஒரு கணினியில் காட்டினால் மற்றதில் காட்டாது. உடனே போன் வரும்.

"தம்பி, பென்ன போட்டா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. ஆமா, சாப்பிட்டீங்களா?"

அந்த இரண்டாவது கேள்விக்காகவே கண்டிக்குப் போய், பஸ் மாறி, வத்தேகம தாண்டிப் போவேன். சொல்ல என்ன வெட்கம்? அந்தப் பிழை தீர்ந்துவிட்டால் அக்கா என்னைக் கூப்பிட வேறு காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு லினக்ஸ் பென்னை ஒரு கோப்புறையில் கொண்டுவந்து வைக்கும், அடுத்தது வேறொன்றில். மூன்றாவது, நாமாகச் சொன்னாலொழிய எங்கேயும் வைக்காது. என் நிரலோ எப்போதும் ஒரே வாசலைத் தட்டிக்கொண்டிருந்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு, கோப்புறைகளைத் தேடுவதை விட்டேன். கழற்றக்கூடியது ஏதாவது வந்ததா என்று லினக்ஸின் அடித்தளத்திடமே கேட்கும்படி மாற்றி எழுதினேன். இரண்டு கணினிகள் 'வாங்க' என்றன. மூன்றாவது ஊமை.

நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் போன் வெளிச்சத்தில் பென் செருகும் துளையைப் பார்த்தேன். உள்ளே காய்ந்த சந்தனம்.

"ஐயையோ, சரஸ்வதி பூசைக்கு நாந்தான் தம்பி வச்சேன்! முன்பக்கந்தானே மூஞ்சி, பொட்டு வேற எங்க வைக்கிறது?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம். ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்ததும் அதுவும் 'வாங்க' என்றது.

"அப்பாடா! இனி உங்களுக்கு அலைச்சல், கரைச்சல் ஒண்ணுமே இல்ல தம்பி," என்றார் அக்கா சந்தோஷமாக. பஸ் ஏறும்வரை கூடவே நின்றார்.

அதன்பிறகு போன் வரவில்லை. ஒழுங்காக ஓடும் நிரலுக்காக யார் போன் எடுப்பார்கள்? நானாக எடுக்கலாம். எடுத்து என்ன சொல்ல?

நேற்று அந்த நிரலை என் கணினியிலேயே போட்டு, வெறும் பென் ஒன்றைச் செருகினேன். 'வாங்க' என்றது. கழற்றிவிட்டு மறுபடியும் செருகினேன்.