கேட்டில் எக்கிய வயிறு

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலத்தில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், முள்கம்பி வேலிக்குள் இருந்தோம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். அதனால் பால் வெட்டப் போகும் எங்களைக் காலையில் வேலிக் கேட்டில் நிறுத்தி, உடுப்புக்குள் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களுக்கென்று ஒரு சோதனைக்காரி. ஒல்லியானவர்களை இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவாள். நான் குண்டு. என்னை மட்டும் ஓரமாக நிறுத்தி, சேலையைத் தளர்த்தச் சொல்லி, அடிவயிற்றை மாவு பிசைவது போல் அமுக்குவாள். பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்ததால் என் எட்டு வயது மகளும் பின்னால் வரிசையில் நிற்பாள். எல்லாவற்றையும் பார்ப்பாள்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட ஆத்திரம் என்மேல்தான். வரிசையில் நின்றவர்கள், அக்கா வயிற்றில் எத்தனை படி அரிசி லா என்று கேட்டால், நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் கை வருமுன்பே மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டேன்.

முட்டி வீங்கி எங்கள் லயத்து வீட்டுப் படியேற முடியாமல் போனபோது, கோல சிலாங்கூரில் ஒரு டாக்டரிடம் போனேன். எடை குறைந்தால்தான் முட்டி பிழைக்கும் என்று பசியை அடக்கும் மாத்திரை கொடுத்தார். போட்டால் நாக்கு வறளும், நெஞ்சு படபடக்கும், சோற்றைக் கண்டாலே பிடிக்காது. மாத்திரை எதற்கென்று மகளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, நான் தின்றால் நாளைக்குக் கேட்டில் அரிசி மூட்டை என்று பிடித்துவிடுவார்கள் என்றேன். தினமும் இதே வேடிக்கை. என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிப்பார். மகள் சிரித்ததே இல்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், லயத்துக்குப் பின்னால் கோழிகள் சோறு கொத்திக்கொண்டிருந்தன. அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. மகளின் தட்டுச் சோறு முழுதும் மண்ணில் கிடந்தது. பல நாளாக அவளே இப்படிக் கொட்டுகிறாளாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவள் அழவில்லை. சட்டையைத் தூக்கி, விலா எலும்பு தெரிய வயிற்றை எக்கிக் காட்டினாள்.

"வயிறே இல்லன்னா என்னையத் தொட மாட்டாங்கல்லம்மா?"

மூச்சைப் பிடித்தது, தோளை ஒடுக்கியது, எல்லாம் அப்படியே நான். சோதனைக்காரி என் வயிற்றைப் பிசைந்தாள், சரி. வயிறு இருப்பதே குற்றம் என்று என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அடித்த கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே மாத்திரையை எடுத்துக் காட்டினேன். இது முட்டி வலிக்கு, என் உடம்பில் அசிங்கம் எதுவும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நானே நம்பாததை அவள் எப்படி நம்புவாள்?

மறுநாள் கேட்டில் நான் எக்கவில்லை. வயிறு அதன் பாட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் நிற்கும் மகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"நல்லாப் பாத்துக்க. இது என் வயிறு. புள்ளையச் சுமந்த வயிறு. இதுல அரிசி இல்ல."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சோதனைக்காரி வழக்கத்தைவிட அழுத்திப் பிசைந்தாள். வலித்தது, நகரவில்லை. ஆனால் மகள் அன்றும் எக்கிக்கொண்டுதான் நின்றாள்.

விடவில்லை நான். மாத்திரையை நிறுத்தவில்லை, முட்டி வேண்டுமே. ஆனால் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்குச் சோற்றைத் தின்றேன். அரிசி மூட்டைப் பேச்சை வீட்டுக்காரர் எடுத்தபோது, இனி அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். பல வாரம் கழித்து ஒரு நாள், இன்னும் கொஞ்சம் சோறு போடம்மா என்று மகள் தட்டை நீட்டினாள். பானையை வழித்துப் போட்டேன்.

மறுநாள் காலை அவள் மூச்சைப் பிடிக்காமல் நின்றாள். சட்டைக்குள் சின்ன வயிறு முன்னால் தள்ளி நின்றது. சோதனைக்காரி அதையும் அமுக்கிப் பார்த்தாள். அப்போதும் அவள் எக்கவில்லை.