பதினெட்டு அடி சாய்வு

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். பத்தாம் வகுப்புக் கணக்கில் எப்போதோ தோற்றுப்போன நாங்கள் சிலர், ராயப்பேட்டையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தோம். நான் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து நேரே அங்கே போவேன். வர்க்கமூலம், விகிதமுறு கோவைகள் எல்லாம் தாண்டி, சாய்வு என்ற பாடத்துக்கு வந்திருந்தோம்.

எங்களில் கணக்கு நன்றாக வந்தது சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணுக்குத்தான். ஆனால் வாசலில் மூன்று படிகள். தினமும் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றுவார்கள். ஒருநாள் படியருகே அவர்கள் கையைத் தள்ளிவிட்டார்.

"தெனம் தூக்கினு போறதுக்கு நான் இன்னா அரிசி மூட்டையா? நாளைலேர்ந்து வரல." திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே யாருக்கும் பாடம் ஓடவில்லை. கூடப் படித்த ஆட்டோ ஓட்டுநர், படிமேல் ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்தால் போதும் என்றார். ஆசிரியை சாக்பீஸை அவரிடம் நீட்டினார். உயரம் ஒன்றரை அடி, நீளம் ஆறடி. அவர் தலைகீழாக வகுத்து, சாய்வு நான்கு என்று எழுதினார். பல்லி ஏறுவதற்கா என்று வகுப்பே சிரித்தது. சரியான விடை நான்கில் ஒன்று, அதாவது கால். அதுவும் அதிகச் சாய்வுதான்; தன் கையாலேயே தள்ளி ஏற, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றார் ஆசிரியை. அப்படியென்றால் பதினெட்டு அடி. சுவரோரமாக அவ்வளவு இடம் இருந்தது.

சாய்ந்து கிடக்கும் பலகை, தரையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்குமே என்று எனக்குச் சந்தேகம். இரண்டு அளவையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, மூலம் கண்டுபிடிக்க ஒரு பக்கம் முழுக்க ஆனது. விடை, பதினெட்டு அடி முக்கால் அங்குலம்.

"இன்னாக்கா, ஒரு வெரல் அகலத்துக்கா இத்தினி நேரம் குந்திகினு போட்ட?" என்றார் ஆட்டோக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை, பந்தல் போடும் உறவினரிடமிருந்து அவரே பலகைகள் கொண்டுவந்தார். செங்கல் அடுக்கி, ஆணி அடித்து முடித்தோம். மறுநாள் அந்தப் பெண்ணைப் போனில் கெஞ்சி வரவழைத்தோம். பலகையைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார். நாங்கள் யாரும் நாற்காலியைத் தொடவில்லை. சக்கரங்களைத் தள்ளித் தள்ளி, நடுவில் சற்று மூச்சு வாங்கி, மேலே வந்து சேர்ந்தார். நாங்கள் கைதட்டியதைக் கண்டுகொள்ளாமல் நேராகத் தன் இடத்துக்குப் போனார்.

"இன்னிக்கு இன்னா பாடம்?"

நாங்கள் தேர்வு எழுதி முடித்தாயிற்று. ஆனால் இன்றும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், வாசற்படியின் உயரத்தை மனம் தானாகவே பன்னிரண்டால் பெருக்குகிறது; அவ்வளவு இடமிருந்தும் வெறும் படிகள் மட்டுமே இருந்தால், நன்றாகக் கணக்குப் போடும் ஒருவர் வெளியே காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.